கோடையில் எத்தனை அடி தண்ணீர்

ஓகஸ்ட் மாதம் செருப்புப் போட்டு நடந்து கடக்கக்கூடிய ஒரு குளத்தை, ஜனவரியில் வள்ளத்தில் போய் மெஷின் வைத்து அளந்த ஆள் மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கத்திலேயே நான் ஒருவன்தான். இதை எங்கள் மீன்பிடிச் சங்கத் தலைவர் என் காதுபடவே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

"நானா கொஞ்சம் பொறுத்தாரெண்டா வெயில் வந்து குளத்தைத் திறந்து காட்டும். அதுக்குள்ள என்ன அவசரமெண்டு கேளுங்கோ" என்பார். நானா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. வாய் மட்டும் என்னைவிட நாலைந்து வயது மூப்பு.

அவசரம் என் மனைவி. தொண்ணூறில் எங்கள் ஆட்கள் எல்லோரும் துரத்தப்பட்டு ஊரைவிட்டுப் போனபோது நான் பள்ளிக்கூடப் பையன், அவள் இடுப்பில் தூக்கிப்போன பிள்ளை. இருவரும் புத்தளத்தில் வளர்ந்தோம். அங்கேயே கலியாணம் முடித்து, அங்கேயே நான் ஃபோன் திருத்தும் கடை போட்டேன், அவள் தையல் மெஷின் போட்டாள். பிறகு வாப்பாவின் வளவுக் காணியில் இரண்டு அறை வீடொன்று எழும்பியதும் நான் முசலிக்குத் திரும்பி வந்துவிட்டேன். வந்தபிறகுதான் தெரிந்தது, எங்கள் ஊரில் இருக்கும் வீடுகளுக்கு வருடத்தில் பத்து ஃபோன் உடைந்தாலே பெரிய காரியம் என்று. அதனால் குளத்தில் இறங்கினேன். திலாப்பியா, ரோகு, அதிர்ஷ்டம் இருந்தால் விரால். சங்கத்தில் சேர்ந்து ஒரு பழைய வள்ளத்தில் பங்குக்காரன் ஆனேன்.

குளத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. எழுதமாட்டேன். எழுதினால் தூண்டிலோடு கிளம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மனைவியும் மகளும் ஒருமுறை என்னோடு வந்து குடியிருந்து பார்த்தார்கள். மாரி முழுவதும் நல்ல மீன். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கோடை வந்தது. தண்ணீர் வயலுக்குப் போய், வெயிலுக்குப் போய், மிச்சம் சேற்றுக் குட்டையாக நின்றது. வலை போட்டால் பட்டமரக் கட்டைகளில் மாட்டிக் கிழிந்தது. "வத்திப்போச்சு" என்று எல்லோரும் கடல் வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்விட்டார்கள். நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு புத்தளத்துக்குத் திரும்பினோம். மழை வந்ததும் நான் மட்டும் ஊருக்கு வந்தேன். புறப்படும்போது புத்தளம் பஸ் நிலையத்தில் வைத்து அவள் சொன்னாள்.

"எனக்கு ஊர் பிடிக்காமலில்ல. திரும்பத் திரும்பச் சாமான் கட்டத்தான் பிடிக்கயில்ல. அந்தக் குளத்தில கோடைக்கு எத்தனையடி தண்ணி நிக்கும், அதில மீன் நிக்குமா எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. நிக்குமெண்டா வாறன்."

சண்டை போட்டிருந்தால் நானும் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். இது சண்டையில்லை. கேள்வி. அதுவும் நியாயமான கேள்வி. பதில்தான் ஊரில் ஒருவரிடமும் இல்லை. தலைவரைக் கேட்டேன். "அது அல்லாவுக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்" என்றார். அவர் மாதா கோயில்காரர். என்னையும் விட்டுவிடாமல் பொதுவாகச் சொல்லிவைத்தார்.

சிலாவத்துறையில் கடல் தொழில் செய்கிற ஒருவர் புதிய மெஷின் வாங்கியதால் பழையதைக் கொட்டிலில் தூக்கிப் போட்டிருந்தார். மீன் பார்க்கிற சோனார் மெஷின். திரையில் ஒரு மூலை கறுத்திருந்தது. வயரை எலி கடித்திருந்தது. "ஓடினா நீங்களே வைச்சிருங்கோ" என்று தந்தார். ஃபோன் திருத்தியவனுக்கு எலி கடித்த வயர் ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு பின்னேரத்தில் ஓடவைத்துவிட்டேன்.

அதன் வேலை சுலபம். வள்ளத்துக்குக் கீழே தண்ணீரில் தொங்கும் குமிழ் ஒரு சத்தத்தை அடிநிலத்துக்கு அனுப்பும். சத்தம் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து ஆழம் சொல்லும். நாம் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் சொல்லும். இரண்டையும் சேர்த்து மெமரி கார்டில் எழுதிக்கொண்டே போகும். அந்தக் கார்டைக் கொண்டுபோய் லப்டொப்பில் போட்டால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு புரோகிராம் ஒரே ஆழமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துப் படம் வரைந்து தரும். பள்ளிக்கூடத்தில் மலைகளுக்குச் சமவுயரக்கோடு வரைந்தோமே, அதேதான். மலை மட்டும் தலைகீழ்.

குமிழை ஒரு பலகைத் துண்டில் இறுக்கி வள்ளத்தின் பக்கவாட்டில் கட்டினேன். மோட்டார் சைக்கிள் பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தேன். குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்துகொண்டிருந்த ஜனவரி மாதம், கலிங்கால் தண்ணீர் வழியும் சத்தத்தைக் கேட்டபடி முதல் கோட்டைத் தொடங்கினேன். குளக்கட்டில் ஒரு கல்லைப் பார்த்து நேராகப் போகவேண்டும். மறுகரையில் ஒரு மரத்தைப் பார்த்து நேராகத் திரும்பவேண்டும். உழுகிறமாதிரிதான். காற்று ஒருபக்கம் தள்ளும், நான் மரக்கோலால் மறுபக்கம் தாங்குவேன். முதுகு போய்விடும்.

ஆனால் அந்தத் திரை! அடிநிலம் என் கண்முன்னே ஊர்ந்து போனது. பட்டமரங்கள் ஊசி குத்தினதுபோல் எழும்பி மறைந்தன. எங்கள் வலைகளைக் கிழித்த சண்டாளக் கட்டைகள் ஒவ்வொன்றையும் நேருக்கு நேர் பார்த்தேன். எவ்வளவோ காலம் முதுகுக்குப் பின்னால் பேசியவனை முன்னுக்கு நிறுத்திக் கேள்வி கேட்கிற சந்தோஷம் அது. சத்தமாகச் சிரித்தேன். கரையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

பாதிக் குளம் முடிந்திருந்தபோது மெஷின் கண்ணை மூடிக்கொண்டது. உள்ளே ஒரு பாகம் எரிந்துவிட்டது. கொழும்பிலிருந்து அது வந்துசேரக் கிட்டத்தட்ட இரண்டு மாதமானது. வந்ததும் ஓடவைத்து, விட்ட இடத்திலிருந்து மிச்சப் பாதியையும் அளந்து முடித்தேன்.

இந்த இரண்டு மாத இடைவெளியில் என்ன நடந்தது என்று இதைப் படிக்கிறவர்கள் சிலர் இப்போதே பிடித்திருப்பார்கள். நான் பிடிக்கவில்லை.

மன்னார் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் படத்தைப் பெரிதாக அச்செடுத்தேன். ஆழம் கூடக்கூட நீலம் கறுக்கும். பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. குளத்தின் நடுவில் ஒரு நீண்ட விளிம்பு. அதற்கு மேற்கே வெளிர் நீலம், கிழக்கே கருநீலம். பாதிக் குளம் அப்படியே நாலடி இறங்கிக் கிடந்தது. இப்படியொரு பள்ளம் இருக்கும்போதா வற்றிப்போச்சு என்று எல்லோரும் ஓடினோம்! கடை வாசலில் நின்றபடியே மனைவிக்கு ஃபோன் எடுத்தேன்.

"கிழக்குப் பக்கம் முழுக்கப் பள்ளம். கோடைக்கும் ஆறடி நிக்கும்" என்றேன்.

"நிச்சயமா?"

"நான் சொல்லயில்ல. மெஷின் சொல்லுது."

 ஏப்ரல் லீவுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகவும், அதற்குப் பிறகு புத்தளத்தில் புதிதாகத் தைக்கத் துணி வாங்காமல் விடுவதாகவும் சொன்னாள். மகள் ஓ.எல். பரீட்சை முடித்திருந்தாள். இனி மன்னாரில் படிக்கலாம். எல்லாம் சரியாக வந்தது. நான் வானத்தில் நடந்துகொண்டு பஸ் ஏறினேன்.

பள்ளத்தின் விளிம்பில் வலை போடவேண்டுமென்று நான்தான் சங்கத்தில் எழும்பிப் பேசினேன். மீன் விளிம்பில்தான் நிற்கும் என்று படத்தில் விரல்வைத்துக் காட்டினேன். இரண்டு வள்ளத்தில் ஆட்கள் வந்தார்கள். தலைவரே வலையை இறக்கினார். விடிந்து தூக்கியபோது விரல்விட்டு எண்ணக்கூடிய மீன்கள் கிடந்தன. எல்லாம் உள்ளங்கை அளவு.

"நானாட பள்ளத்தில மீன் விழயில்ல. நானாதான் விழுந்தவர்" என்றார் தலைவர். அன்று முழுவதும் குளக்கட்டில் அதுதான் பேச்சு. நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். மனைவிக்கு இதைச் சொல்லவில்லை. ஒரு நாள் வலையை வைத்து என்ன முடிவு எடுக்கலாம் என்று எனக்கு நானே வழக்குப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் மனைவியும் மகளும் வந்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த படத்தை அவள் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்தாள். அவள் பார்ப்பதை நான் பார்த்தேன். புகழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இது ஏன் இவ்வளவு நேராக் கிடக்கு?" என்றாள், விளிம்பில் விரலை வைத்து.

"அதுதான் பள்ளத்தின்ட கரை."

"மண்ணில கரை இப்பிடி அடிமட்டம் வைச்சமாதிரி வருமா? மற்ற எல்லாக் கோடும் வளைஞ்சு வளைஞ்சு போகுது. இது மட்டும் நேரா." குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தாள். "இது ரெண்டு துண்டு சேர்த்துத் தைச்ச இடம். ஒரு துணியை நனைச்சு, மற்றதை நனைக்காமத் தைச்சா, கழுவினதும் இப்பிடித்தான் ஒரு பக்கம் ஏறி நிக்கும். ரெண்டையும் ஒரே நேரத்திலயா அளந்தீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் சொன்னவர் சொன்னது சரி என்று அர்த்தம். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகள் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு துருசடிக்குப் போனேன். வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மதகைத்தான் நாங்கள் துருசு என்போம். அதன் சுவரில் நீர்மட்டம் காட்டும் அளவுக்கோடுகள் கறுப்பு வெள்ளையில் போட்டிருக்கிறது. வான் பாய்ந்தபோது தண்ணீர் எங்கே நின்றது என்பதை நனைந்த கறை காட்டியது. மிச்சப் பாதியை நான் அளந்த நேரம் எங்கே நின்றது என்பது எனக்கே நினைவிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நாலடி. சரியாக நாலடி. மெஷின் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மாதமும் எங்கள் குளம் எங்கள் வயல்களுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் பச்சையாக நின்றதைத் தினமும் பார்த்தவன் நான். தண்ணீர் திறப்பது எங்களுக்கு மூச்சு விடுகிறமாதிரி. யார் கவனிப்பார்? கிழக்குப் பாதியை நிறைந்த குளத்தில் அளந்திருக்கிறேன், மேற்குப் பாதியை நாலடி குறைந்த குளத்தில் அளந்திருக்கிறேன். பிறகு இரண்டையும் சேர்த்துவைத்து, பள்ளம், பள்ளம் என்று கூவியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து லப்டொப்பைத் திறந்து மேற்குப் பாதிக்கு நாலடியைக் கூட்டினேன். பள்ளம் மறைந்துவிட்டது. குளம் தோசைக்கல் மாதிரித் தட்டையாகக் கிடந்தது. வான்மட்டத்திலிருந்து ஓகஸ்டுக்குள் எவ்வளவு இறங்கும் என்று போன கோடையின் கறையை வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஆக ஆழமான இடத்திலேயே மிஞ்சுவது இரண்டடி. அதிலும் ஒரு அடி சேறு.

"எத்தனையடி?" என்று கேட்டாள், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு.

"ரெண்டடி."

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "ம்" என்று மட்டும் சொன்னாள். மத்தியானம் சோற்றை வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். அவள் கொண்டுவந்த பைகளில் ஒன்றை இன்னும் அவிழ்க்கவேயில்லை என்பதை அப்போதுதான் கண்டேன். சாமான் கட்டுவதை வெறுக்கிற ஒருத்தியை, மெஷின் சொல்லுது என்று சொல்லி மறுபடியும் சாமான் கட்டவைத்தவன் நான்தானே.

சாப்பிட்டபிறகு படத்தைச் சுவரிலிருந்து கிழிக்கத்தான் போனேன். ஒரு மூலையைப் பிடித்துவிட்டேன். அந்த மூலை குளத்தின் தெற்கு மூலை. நாங்கள் அதை முதலை மூலை என்போம். அங்கே தாமரையும் பாசியும் அடர்ந்து கிடக்கும், இரண்டு முதலைகள் குடியிருக்கும், யாரும் வலை போடமாட்டார்கள். நானும் கரையோரமாக ஒரேயொரு கோடு ஓட்டிவிட்டு, போதும் உயிர் என்று திரும்பியிருந்தேன். படத்தில் அந்த இடம் நாலடி என்று காட்டியது. குளத்திலேயே ஆகக் குறைந்த ஆழம்.

அப்போதுதான் யோசனை வந்தது. நாலடி என்றால் அந்த மூலை ஜூனிலேயே காய்ந்திருக்கவேண்டும். முதலைகளோ போன கோடை முழுவதும் அங்கேதான் கிடந்தன. தண்ணீரில்லாத இடத்தில் முதலைக்கு என்ன வேலை? அதுகளும் புத்தளத்துக்குப் போய் வந்தனவா?

இதை மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இந்தத் தடவை அளக்கிற நேரம் நானும் நிக்கவேணும்" என்றாள்.

தலைவரிடம் போய்ப் பள்ளத்தைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். ஒருமணி நேரம் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கால்மணி நேரம்தான் சிரித்தார். பிறகு முதலைக் கதையைக் கேட்டுவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தார். "வள்ளத்தை நான் தாங்கிறன். ஆனா வெயில் ஏறினாப் பிறகு போவம். அதுகள் கரையில படுத்தாப் பிறகு" என்றார்.

அப்படியே போனோம். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேர். முதலைகள் தூரத்துக் கரையில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தன. அதுகள் கிட்ட வராமலிருக்க நான் அலுமினியச் சட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டு வந்தேன். தாமரை இலைகளுக்குள் வள்ளம் புகுந்ததும் மெஷினின் திரை குழம்பியது. நாலடி, மூன்றடி, நாலரை.

"பாத்தீங்களா, நாலடிதான்" என்றார் தலைவர்.

மனைவி மடியில் ஒரு கயிற்றை வைத்திருந்தாள். நுனியில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். அடிக்கு ஒன்றாகச் சிவப்புத் துணிக் கீலங்களை முடிச்சுப் போட்டிருந்தாள். வெட்டுத் துணிக்கு எங்கள் வீட்டில் என்றைக்கும் பஞ்சமில்லை. வள்ளத்தின் ஓரத்தால் கயிற்றை விட்டாள். நாலாவது கீலம் தண்ணீருக்குள் போனது. ஐந்தாவது போனது. தாமரைத் தண்டுகளில் தட்டித் தட்டி ஈயம் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் எண்ணும் சத்தம் மெல்ல மெல்லக் கூடியது. பதின்மூன்றில் கயிறு தளர்ந்தது.

"எனக்கு நம்பிக்கையில்ல" என்று சொல்லி முழுக் கயிற்றையும் இழுத்து, கொஞ்சம் தள்ளி மறுபடி விட்டாள். பதினான்கு.

நான் சட்டி தட்டுவதை மறந்துவிட்டேன். தலைவர் மரக்கோலை ஊன்றியபடி வாயைத் திறந்து நின்றார். தூரத்து முதலைகளுக்கும் அவருக்கும் அந்த நேரம் பெரிய வித்தியாசம் இல்லை.

"பொறுங்கோ, பொறுங்கோ" என்றார். "குளக்கட்டு உயர்த்தின நேரம் மண் தோண்டுற பெக்கோ ஒண்டு இந்தப் பக்கம் கனநாள் நிண்டதெண்டு எங்கட அப்பு சொன்னவர். மண் எடுத்த கிடங்கு இது!" இடம்பெயர்ந்த நாங்கள் எல்லோரும் ஊருக்கு வந்துசேருமுன், தலைவரின் தகப்பன் பார்த்திருக்க நடந்த வேலை. தோண்டியவர்கள் மண்ணை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குழியில் தண்ணீர் வந்து, தாமரை வந்து, முதலை வந்து, கடைசியாகத்தான் நாங்கள் வந்தோம்.

மெஷின் பொய் சொல்லவில்லை. சத்தம் அடர்ந்த பாசியில் பட்டுத் திரும்பிவிட்டது. அதற்கு அதுதான் தரை. அந்த ஏப்ரல் லீவு முழுவதும் நாங்கள் குளத்தை முதலிலிருந்து அளந்தோம். திறந்த தண்ணீரில் மெஷினால், தாமரைக்குள் கயிற்றால். ஒவ்வொரு காலையும் வள்ளம் ஏறுமுன் துருசுச் சுவரைப் பார்த்து நீர்மட்டத்தைப் பதிந்துவிட்டுத்தான் புறப்படுவது என்று மனைவி சட்டம் போட்டாள். நான் ஒருநாள் மறந்து, பாதி வழியில் திரும்பவேண்டி வந்தது. அவள் கயிற்றை விடுவாள், நான் மெஷினில் பொத்தானை அழுத்தி இடத்தைப் பதிவேன். வெயிலில் முகம் கறுத்தது. நாங்கள் இருவரும் ஒரே வேலையை ஒன்றாகச் செய்தது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது, ஆனால் கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

புதிய படத்தில் பள்ளம் நேராக இல்லை. ஒரு பெரிய அவரை விதைபோல வளைந்து, கருநீலமாகத் தெற்கு மூலையில் கிடந்தது. கணக்குப்படி ஓகஸ்டில் அதில் எட்டடி நிற்கவேண்டும்.

"கணக்கு சரி" என்றாள். "ஓகஸ்டில வந்து பாக்கிறன்."

இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு மகளோடு பஸ் ஏறினாள். எனக்கு மனம் நொந்தது. ஆனால் அவள் செய்தது சரி. ஒருதரம் மெஷின் சொல்லுது என்று கேட்டு ஏமாந்தவள்.

அந்தக் கோடையைப்போல நீண்டுபோன ஒரு கோடையை நான் கண்டதில்லை. சோளகக் காற்று நாளும் பொழுதும் அடித்தது. துருசுச் சுவரில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்தபோது, வயல்காரர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள். கணக்கில் ஏதாவது விட்டிருக்கிறேனா என்று தினமும் கூட்டிக் கழித்தேன்.

தண்ணீர் இறங்க இறங்கப் பட்டமரக் கட்டைகள் தலைகாட்டின. தலைவர் படத்தின் ஒரு பிரதியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, காய்ந்த தரையில் கட்டை கட்டையாகச் சரிபார்த்துத் திரிந்தார். ஒருநாள் ஃபோன் எடுத்தார்.

"நானா, வடக்குப் பக்கம் ஒரு கட்டை படத்தில இருக்கிற இடத்திலயிருந்து நாலடி தள்ளி நிக்குது. வந்து நகர்த்தி வைச்சிட்டுப் போங்கோ."

அவர் வாயிலிருந்து வந்த ஆகப்பெரிய பாராட்டு அதுதான். படம் சங்கக் கட்டடத்துச் சுவருக்குப் போய்விட்டது. அதற்குப் பக்கத்தில் அன்றைய நீர்மட்டத்தைச் சோக்கட்டியால் எழுதுகிறார்கள். வலை போடப் போகிறவர் இரண்டையும் பார்த்துக் கழித்துவிட்டுப் போகிறார். அந்த வருடம் கட்டையில் கிழிந்த வலைகள் மிகக் குறைவு.

ஓகஸ்டில் மனைவியும் மகளும் வந்தார்கள். வந்த பின்னேரமே குளத்துக்குப் போனோம். தலைவர் சொன்னதுபோலவே செருப்போடு நடந்தோம். வெடித்த சேறு காலுக்குக் கீழே நொறுங்கியது. ஜனவரியில் நான் மரக்கோல் ஊன்றிப்போன இடமெல்லாம் மாடுகள் மேய்ந்தன. கொக்குகள் எல்லாம் ஒரே பக்கத்துக்குப் பறந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கந்தான் நாங்களும் போனோம்.

தெற்கு மூலையில் தண்ணீர் நின்றது. கறுத்த, அசையாத தண்ணீர். ஓரத்துத் தாமரை கருகியிருந்தது. நடுவில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து போயின. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பிறகு நிறைய. முதலைகள் எதிர்க்கரையில் தங்கள் இடத்தில் கிடந்தன. சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வள்ளத்தில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை பாரமாக வந்தது. திலாப்பியாக்கள் வள்ளத்துக்குள் விழுந்து துடித்த சத்தம் கரைவரை கேட்டது.

தலைவர் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்து, "அக்கா, ஏறுங்கோ. நீங்கள் அளந்தாத்தான் நானா நித்திரை கொள்ளுவார்" என்றார்.

அவள் ஏறினாள். நான் ஏறவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் போய்க் கயிற்றை விட்டாள். குனிந்தபடி எண்ணினாள். இந்தமுறை சத்தமாக எண்ணவில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, ஒரு கையின் ஐந்து விரலையும் மறு கையின் மூன்று விரலையும் விரித்துக் காட்டினாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பார்க்கக்கூடாது என்று முகத்தைக் கொக்குகளின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி முன்னால் நடந்தாள். வாறன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டன் என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம். வளவுக்குள் நுழைந்ததும் அவள் வேலியோரமாகக் கொஞ்சத் தூரம் நடந்தாள். வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்துக்கு அப்பால், வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில் நின்று காலால் தரையைத் தட்டினாள். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் பள்ளிவாசல் குழாயிலிருந்து வாளியில்தான் வந்துகொண்டிருந்தது. தனி ஆளுக்கு அது போதும்.

"இஞ்ச கிணறு வெட்டுறதெண்டா எத்தனையடி போகவேணும்?" என்று கேட்டாள்.

லீவுக்கு வந்து போகிறவர்கள் கிணற்றைப் பற்றிக் கேட்பதில்லை.

"தெரியாது" என்றேன். "நல்ல தண்ணி வருமோ, உப்புத் தண்ணி வருமோ, அதுவும் தெரியாது. மண்ணுக்குள்ள பாக்க என்னட்ட மெஷின் இல்ல."

அவள் மறுபடி காலால் அந்த மண்ணைத் தட்டினாள்.

"அப்ப வெட்டித்தான் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தாள்.